வாய்விட்டுச் சொன்னால்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பது நாம் எல்லோரும் அறிந்த பழமொழி. வாய்விட்டு அழுதால் எது போகும், வாய்விட்டுச் சொன்னால் எது போகும் என்று யாரும் பழமொழி செய்து வைக்கவில்லை. அதைப் பற்றித்தான் இன்று சிறிது நேரம் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

சங்கச் செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "பெண்கள் முன்னேற்றம் என்று ஏதாவது பேசுங்கள், தங்கச்சி" என்றார். பெண்கள் முன்னேற்றம் என்ற தலைப்பில் இந்த மேடையில் பலர் பேசிவிட்டார்கள். பெரும்பாலும் ஆண்களே பேசினார்கள். ஆகவே நான் முன்னேற்றத்தை விட்டுவிட்டு, நம் தாய்மார்களின் நெஞ்சுக்குள் கிடக்கும் கதைகளை எடுத்துக்கொள்கிறேன். மிஷன் பாடசாலையில் படித்த பெண்ணுக்கு இந்து வாலிபர் சங்கத்தில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். அங்கே ஜெபக் கூட்டங்களில் ஒருவர் எழுந்து தன் வாழ்வில் நடந்ததைச் சொல்வதை 'சாட்சி சொல்லுதல்' என்பார்கள். சொல்லி உட்கார்ந்தவரின் முகத்தைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அம்முகங்கள் கற்பித்ததோடு நம் அம்மாயிமார் கற்பித்ததையும் சேர்த்துத்தான் இன்று பேசுகிறேன்.

நம் தோட்டங்களில் பெண்கள் பேசுவதேயில்லை என்று எவரும் சொல்ல முடியாது. நிரையில் நின்று கொழுந்தெடுக்கும்போது பேச்சு, நிறுவையில் வரிசை நிற்கும்போது பேச்சு, பீலியில் குடம் நிறையும்வரை பேச்சு. "இதற்கு மேலும் இவர்களைப் பேச வைக்க வேண்டுமா?" என்று பின்வரிசையில் ஒரு அண்ணன் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் அந்தப் பேச்சை ஒருநாள் கவனித்துப் பாருங்கள். யாருடைய பிள்ளை எங்கே கட்டிக்கொடுத்தது, கணக்கப்பிள்ளை எத்தனை கிலோ வெட்டினார், அரிசி என்ன விலை, இவையெல்லாம் வரும். நேற்றிரவு யார் யாரை அடித்தார் என்பது மட்டும் வராது.

அது தெரியாமல் இருப்பதனாலா? நம் லயத்துக் காம்பராவின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. பத்தடிக்குப் பன்னிரண்டடி; பல லயங்களில் இடைச்சுவர் கூரையைத் தொடுவதும் இல்லை. ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்ததில் 'நூறாயுசு' என்பார்கள். இரவு பத்து மணிக்கு ஒருத்தி அடிபடும் சத்தம் லயம் முழுவதும் கேட்கும். மறுநாள் பெரட்டுக் களத்தில் அவள் கன்னம் வீங்கி நிற்பாள். விறகு பட்டுவிட்டது என்பாள். சுற்றி நிற்பவர்களும் ஆமாம், விறகுதான் என்பார்கள். இது இரக்கமின்மை அல்ல, ஒருவகை மரியாதை. அவள் மானத்தைக் காப்பதாக எண்ணித்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் விளைவு என்ன? லயத்தில் எல்லோருடைய காதிலும் விழுகிறது, ஒருவரும் கேட்பதில்லை. காதில் விழுவது வேறு, கேட்பது வேறு. 2019ஆம் ஆண்டு அரசாங்கப் புள்ளிவிபரத் திணைக்களம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், கணவனோடு அல்லது துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருத்தி அவன் கையால் அடியோ பலாத்காரமோ அனுபவித்திருக்கிறாள் என்று கண்டார்கள். அந்த ஐந்தில் ஒருத்தி கொழும்பிலும் இருக்கிறாள், நமது நிரையிலும் நிற்கிறாள்.

சொல்வதற்கு நம்மவர்களுக்கு வழியே இருக்கவில்லையா என்றால், இருந்தது. அதன் பெயர் ஒப்பாரி.

படித்த பிள்ளைகள் ஒப்பாரி என்றால் முகத்தைச் சுளிக்கிறோம், அநாகரிகம் என்கிறோம். ஒப்பாரி வைப்பவள் என்ன செய்கிறாள் என்று கூர்ந்து பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. அடுத்த வீட்டுக் கிழவர் இறந்துவிட்டார். இவள் போய் மற்றப் பெண்களோடு தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்கிறாள். முதல் இரண்டு அடி கிழவருக்கு. மூன்றாவது அடியில் தன் தகப்பன் வந்துவிடுகிறார். பிறகு தான் வாழ்க்கைப்பட்ட வீடு, அங்கே பட்ட பசி, பால்குடி மாறாமல் போன பிள்ளை, கொடுக்காத நகைக்காகக் கேட்ட ஏச்சு எல்லாம் ராகத்தோடு வெளியே வருகின்றன. மாமியாரும் அங்கேதான் இருக்கிறாள், கேட்டுக்கொண்டு இருக்கிறாள், மறுத்துப் பேச முடியாது. இழவு வீட்டில் அழுபவளை யார் தடுப்பது? மற்ற நாளில் சொன்னால் அடி விழும் வார்த்தையை அன்று அவள் பத்துப் பேர் முன்னிலையில் சொல்லலாம். சொல்லி முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "தேத்தண்ணி இருக்கா?" என்று கேட்பாள். இலகுவாகி எழுந்து போவாள்.

நம் இதிகாசமும் இதனை அறியும். மகாபாரதத்தில் யுத்தம் ஓய்ந்த பின் ஸ்திரீ பர்வம் என்று ஒரு பர்வமே இருக்கிறது. போர்க்களத்தில் கிடப்பவர்களை ஒவ்வொருவராகக் காட்டிக் காட்டிக் காந்தாரி கண்ணனிடம் சொல்லி அழுகிறாள். நூறு பிள்ளைகளைப் பறிகொடுத்தவளின் சொல்லைக் கேட்டு நிற்கும் வேலையைப் பகவானே செய்திருக்கிறார். முடிவில் அவள் சாபத்தையும் ஏற்றுக்கொண்டார்.

யாழ்ப்பாணத்தில் போரின் நடுவே பணிசெய்த மனநல மருத்துவரும் 'மனவடு' என்ற நூலை எழுதியவருமான தயா சோமசுந்தரம், ஒப்பாரி போன்ற நம் சடங்குகள் மனப்புண்ணை ஆற்ற உதவுகின்றன என்று எடுத்துக்காட்டியிருக்கிறார். நாம் என்ன செய்கிறோம்? இப்போது பல இழவு வீடுகளில் பிரேதம் வீட்டுக்கு வருமுன்பே ஒலிபெருக்கி வந்துவிடுகிறது. ஒலிநாடாவில் யாரோ அழுகிறார். நம் பெண்கள் நாற்காலியில் மௌனமாக உட்கார்ந்திருக்கிறார்கள். சங்கத்து வாலிபர்களே, அந்த ஒலிபெருக்கியைக் கட்டுபவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான். நல்ல எண்ணத்தோடு கட்டுகிறீர்கள். ஆனால் ஒரு பெண் வருஷத்தில் இரண்டு மூன்று தடவை தன் கதையைச் சொல்லக் கிடைத்த இடத்தை அது அடைத்துவிட்டது.

ஒப்பாரிக்கும் ஒரு குறை உண்டு. அதையும் சொல்ல வேண்டும். அது சாவுக்கு மட்டுமே திறக்கும் கதவு. சாவு அல்லாத பிரிவுகளுக்கு, வெட்கப்பட்ட துன்பங்களுக்கு, அங்கே முறையாக இடமில்லை. இதற்கு என் அம்மாயியின் கதையைச் சொல்கிறேன். அவருடைய அனுமதியைக் கேட்டே சொல்கிறேன். பெயர்களை மட்டும் சொல்லாதே என்றார்.

1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தை நாம் பாடப் புத்தகத்தில் எண்ணிக்கையாகப் படித்தோம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்து, 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கணக்கு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! அந்தக் கணக்கில் ஒரே வீட்டு அக்காள் ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமும் விழுந்தார்கள். தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலைநாட்டு மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. மு. சிவலிங்கம் அந்தப் பெயரிலேயே ஒரு சிறுகதைத் தொகுதி தந்திருக்கிறார்.

1972இல் அம்மாயியின் அக்காள் குடும்பம் பதுளை ஸ்டேசனில் கோச்சி ஏறியது. மேடை முழுவதும் ஒப்பாரி. அம்மாயி மட்டும் அழவில்லை. வயிற்றில் பிள்ளையோடு நின்றவள் ஒப்பாரி வைக்கலாகாது என்று பெரியவர்கள் வாயை அடைத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைதான் என் தாய். அக்காளிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. பின்னர் ஒன்றும் இல்லை. இறந்ததாகச் செய்தி வந்தால் ஒப்பாரி வைத்திருப்பார். செய்தியும் வரவில்லை. உயிரோடு இருக்கக் கூடியவளுக்கு எப்படி வைப்பது?

பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்தபோது, அரிசி புடைத்துக்கொண்டிருந்தவரிடம் தற்செயலாகக் கேட்டேன்: "அம்மாயி, ஒங்க அக்கா போனப்ப கடைசியா என்ன சொன்னாங்க?" சுளகை வைத்துவிட்டு நெடுநேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார். அன்று அரைகுறையாகச் சொல்லிவிட்டுக் கோபத்தோடு எழுந்து போய்விட்டார். இரவு சாப்பிடவும் இல்லை. நான் பயந்துபோனேன். மறுநாள் மாலை அவரே வந்து, "ஒக்காரு, மிச்சத்தையும் கேளு" என்றார். மூன்றாவது தடவை சொன்னபோதுதான் இது வந்தது: கோச்சி அசைந்த பிறகு அக்காள் யன்னலில் தலையை நீட்டி, "அடியே, செவலைக் கோழி அடையில இருக்கு, முட்டையை நரி தின்னுறாம பாத்துக்க!" என்று கத்தினாராம். ஐம்பது வருஷமாக அந்தக் கடைசி வார்த்தையை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். நாடு விட்டுப் போகிறவள் கோழியைப் பற்றியா சொன்னாள் என்று சிரிப்பார்களோ என்று. அன்று அவரே சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். பதினொரு குஞ்சு பொரித்ததாம்.

இதனால் அவர் நெஞ்சுவலி தீர்ந்தது, முழங்கால் நோவு நின்றது என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். அக்காள் போன கதையை இப்போது அவரே எடுத்துப் பேசுகிறார், முன்பு பேசமாட்டார். நான் கண்டது அவ்வளவுதான்.

மேல்நாட்டாரும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கல்லூரி மாணவர்களை நாலு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிஷம் எழுதச் சொன்னார். சிலர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள். சிலர் தம்மை வாட்டிய துன்பத்தை எழுதினார்கள். துன்பத்தை எழுதியவர்களுக்கு எழுதி முடித்தவுடன் மனம் இன்னும் கனத்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில், நடந்ததையும் அதனால் மனம் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள் வைத்தியரிடம் போனது குறைந்தது. முதல்நாள் அம்மாயி சாப்பிடாமல் படுத்ததன் காரணம் எனக்கு அதைப் படித்த பின்னரே விளங்கிற்று. நம் ஒப்பாரியிலும் நடந்ததும் நெஞ்சு பட்டதும் சேர்ந்தே வருகின்றன அல்லவா?

பிறருக்காக அழுதே பழகிய பெண் தனக்காகச் சொல்லத் தயங்குவாள் என்பதைத் தென்னாபிரிக்காவிலும் கண்டார்கள். நிறவெறி ஆட்சி ஒழிந்த பின் 1996இல் அங்கே உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு ஊர் ஊராக விசாரணை நடத்தியது. பெண்கள் திரளாக வந்தார்கள். மகனைக் கொன்றதைச் சொன்னார்கள், கணவனைப் பிடித்துச் சென்றதைச் சொன்னார்கள். தமக்கு நேர்ந்ததைச் சொன்னவர்கள் சிலரே. இதைக் கண்டு, பெண்களுக்கென்று தனிவிசாரணை நாட்கள் வைத்தார்கள்.

அத்தனை தூரம் போவானேன்? நம் நாட்டிலேயே 1987 தொடக்கம் 1990 வரையான பயங்கரத்தில் தென்பகுதிச் சிங்கள இளைஞர்கள் ஆயிரமாயிரமாய்க் காணாமற்போனார்கள்; நம் ஊவாவும் அதற்குத் தப்பவில்லை. 1990இல் மாத்தறையில் தாய்மார் முன்னணி தோன்றிற்று. 1992 ஜூன் 23ஆம் திகதி, அன்றைய ஜனாதிபதியின் பிறந்த நாளன்று, அந்தத் தாய்மார் கொழும்பு முகத்துவாரம் காளியம்மன் கோயிலுக்குத் திரண்டு சென்று, தேங்காய் உடைத்து, பிள்ளையின் பெயரையும் பிடித்துச் சென்றவனின் அடையாளத்தையும் சொல்லிச் சொல்லி முறையிட்டார்கள். சிங்களத் தாய்மார், பெரும்பாலும் பௌத்தர். தேடி வந்தது நம் அம்மன் சந்நிதியை! அதே காலத்தில் மட்டக்களப்பில் தமிழ்த் தாய்மார் காளி கோயில்களில் வாக்குச் சொல்வோரிடம் போய், காணாமற்போன மகனைப் பற்றிச் சொல்லி அழுதார்கள். பொலிசில் சொல்ல முடியாததை அம்மனிடம் சொன்னார்கள். தென்பகுதித் தாய்மாரின் பின்னால் அரசியல்வாதிகள் நின்றார்கள் என்பதும், 1994இல் ஆட்சி மாறியதும் அந்த முன்னணியின் வேகம் தணிந்ததும் உண்மையே. அதற்காக அன்று அவர்கள் அழுத அழுகை பொய்யாகிவிடாது.

சொன்னால் மட்டும் போதாது என்பதற்கும் நம் நாடுதான் சாட்சி. 1994இல் காணாமற்போனோர் பற்றி விசாரிக்க ஆணைக்குழுக்கள் அமைத்தார்கள். அவற்றுள் ஒன்று மத்திய, வடமேல், வடமத்திய, ஊவா மாகாணங்களுக்கு உரியது. 2010இல் இன்னொன்று, 2013இல் மற்றொன்று. 2016இல் நாடெங்கும் மக்கள் கருத்தைக் கேட்ட செயலணிக்கு 7,306 சமர்ப்பணங்கள் கிடைத்தன. மனோரி முத்தெட்டுவேகம தலைமையிலான அச்செயலணியின் அறிக்கை 2017 ஜனவரியில் வெளிவந்து, பெரும்பாலும் அலுமாரியிலேயே தங்கிற்று. அடுத்த மாதம் 20ஆம் திகதி கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரத்தில் உட்கார்ந்தார்கள். ஒரே தாய் ஒரே கதையை நாலு ஆணைக்குழுவுக்குச் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஒருவர் எழுதிக்கொண்டார். ஒருவரும் பதில் தரவில்லை. அது மருந்தா? ஆறிய தோலைத் திரும்பத் திரும்ப உரிப்பதல்லவா அது?

இதற்கு மாறாக, ராதிகா ஹெட்டியாரச்சி என்பவர் 2012ஆம், 2013ஆம் ஆண்டுகளில் வடக்கிலும் தெற்கிலுமாக 250க்கும் மேற்பட்ட தாய்மாரிடம், உங்கள் வாழ்க்கையை நீங்களே எழுதுங்கள் அல்லது வரையுங்கள் என்று கேட்டார். பிடித்த விதமாய்ச் செய்யலாம். கடிதமாக எழுதலாம், மரமாகவும் படமாகவும் வரையலாம். நீதிபதி போன்று யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. 'ஹேர்ஸ்டோரீஸ்' என்ற அத்தொகுப்பு தேசிய சுவடிக்கூடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அரசாங்கத்தின் பழைய ஆவணங்கள் இருக்கும் இடத்தில் ஒரு விதவையின் கடிதமும் இருக்கிறது என்பதை நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது. நம் தோட்டத்துக் கடிதம் ஒன்றும் என்றாவது அங்கே போகட்டும்.

நம் மாவட்டத்து விஷயத்துக்கு வருகிறேன். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போனார்கள். எஞ்சியவர்கள் பாடசாலையிலும், பின்பு பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கி, 2016இல் 75 வீடுகள் கட்டி முடியும்வரை காத்திருந்தார்கள். வந்தவர்களோ கொஞ்சமல்ல, பெரிய மனிதர்கள், படப்பிடிப்பாளர்கள், பத்திரிகைக்காரர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் "அந்த நேரம் எப்படி இருந்தது?" என்று கேட்பது கேட்டல் ஆகாது, அது பறித்தல். உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூலும், நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தாதே, அவர் சொல்ல விரும்பினால் கேள் என்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வாச் சூறாவளி வந்து நம் மாவட்டத்தில் மறுபடியும் மண் சரிந்தபோது நிவாரணம் கொண்டு ஓடிய நம் வாலிபர்களுக்கு அரிசி மூட்டை தூக்கத் தெரிந்திருந்தது; பக்கத்தில் சும்மா உட்காரத் தெரியவில்லை. அதற்குப் பயிற்சி வேண்டும்.

"குடும்ப விஷயம் வெளியே போகலாமா?" என்று பெரியவர்கள் கேட்பீர்கள். அது ஏற்கனவே வெளியேதான் இருக்கிறது, ஐயா. இடைச்சுவருக்கு மேலாகப் போய்விட்டது. நான் கேட்பது அதற்கு ஒரு கௌரவமான இடம்.

அம்மன் கோயிலின் பின்மண்டபம் ஞாயிறு பிற்பகலில் சும்மா கிடக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், அதைப் பெண்களுக்கு விடுங்கள். ஒலிவாங்கி வேண்டாம், தலைவி வேண்டாம், அறிக்கை வேண்டாம். சொல்ல விரும்புகிறவள் சொல்லட்டும். விரும்பாதவள் வெற்றிலை போட்டுக்கொண்டு கேட்கட்டும். ஒருத்தி சொல்லும்போது இன்னொருத்தி புத்திமதி சொல்லக்கூடாது. நம்மவர்களுக்கு இதுதான் மிகவும் கஷ்டமான விதி. அங்கே சொன்னது நிரைக்குப் போகக்கூடாது, பீலிக்குப் போகக்கூடாது, அடுத்த ஆண்டு மலரில் கட்டுரையாகவும் வரக்கூடாது. வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து திரும்பி வந்து, என்ன நடந்தது என்று சொல்லாமலே இருக்கும் அக்காமார் நம் ஒவ்வொரு டிவிசனிலும் இருக்கிறார்கள். அவர்கள் முதல் நாளே வாய் திறப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆறாவது மாதம் திறக்கலாம்.

நாம் வைத்தியர்கள் அல்லர் என்பதையும் மறக்கலாகாது. தூக்கமே இல்லாமல், சாக வேண்டும் என்று பேசுகிறவளை மண்டபத்தில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அடிபடும் பெண்களுக்கென்று பல அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 'நட்பு நிலையம்' உண்டு. பெண்களுக்கான அரசாங்கத் தொலைபேசி எண் 1938, மனநலத்துக்கு 1926. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளையும் கேட்கலாம். இவற்றை ஒரு காகிதத்தில் தமிழில் எழுதி மண்டபச் சுவரில் ஒட்டும் பொறுப்பைச் சங்கத்து எழுத்து நல்லவர் யாராவது ஏற்கட்டும்.

வாலிபர்களுக்கும் வேலை உண்டு. அந்த இரண்டு மணி நேரம் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேத்தண்ணீர் ஊற்றிக் கதவண்டை வைத்துவிட்டு, எட்டிப் பார்க்காமல் போய்விடுங்கள். மண்டபச் சாவி செயலாளரிடம் இருக்கிறது. பிற்பகல் பூசைப் பாட்டு ஒலிபெருக்கியை அந்த நேரத்துக்கு மட்டும் நிறுத்தி வைக்கலாமா என்று தலைவர் ஐயாவைக் கேட்டிருந்தேன், இப்போது தலையசைக்கிறார். முதற் கூட்டத்துக்கு அம்மாயி வருவதாகச் சொல்லியிருக்கிறார். கோழிக் கதையை அவர் வாயாலேயே கேட்க விரும்புகிற தாய்மார் வரலாம்.